கிளியம்மாவும் மூன்று லேப்டாப்களும்

கிளியம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஒரு வக்கீல். நல்ல எண்ணத்தில் வைக்கவில்லை, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. நீதிமன்றத்தில் யார் என்ன பேசினாலும் அதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். சாட்சிக் கூண்டை ஒட்டி அவளுக்கு ஒரு சின்ன மேசை உண்டு. மேசைமேல் லேப்டாப், கையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஒரு ரப்பர் முகமூடி, அதற்குள் மைக். வக்கீல் கேட்பதையும், சாட்சி சொல்வதையும், நடுவில் நீதிபதி அதட்டுவதையும் அவள் அந்த முகமூடிக்குள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பக்கத்தில் நிற்பவர் காதில்கூட விழாது. லேப்டாப்பில் உள்ள சாஃப்ட்வேர் அந்த முணுமுணுப்பைக் கேட்டு எழுத்தாக்கித் திரையில் போடும். விசாரணை முடிந்து எல்லோரும் எழுந்து போவதற்குள் அன்றைய பேச்சு முழுக்கப் பக்கம் பக்கமாகத் தயாராக இருக்கும்.

ஒரே நாளில் அவள் திருடனாகவும் பேசுவாள், திருட்டுக் கொடுத்தவளாகவும் பேசுவாள். கொன்றவன் வாக்குமூலத்தையும் செத்தவனுடைய அம்மாவின் அழுகையையும் ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடிப்பாள். கேள்வி, பதில் என்று பிரித்துச் சொல்வதும், காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்வதும் அந்த வேலையில் கட்டாயம். பழகிய வாய் வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? "சாப்பிட வர்றீங்களா கேள்விக்குறி" என்று கணவரைக் கூப்பிடுவாள். கணவர் தையல்காரர். முன்னறையில்தான் அவர் கடை, மெஷின், ஆட்கள் வந்து அளவு கொடுக்கிற கண்ணாடி எல்லாம். "வர்றேன் முற்றுப்புள்ளி" என்று அங்கிருந்து குரல் வரும். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் இந்த வீட்டில் எல்லோருக்கும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு தடங்கல். கிளியம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்து வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு கொஞ்சம் அடிபட்டுவிட்டது. கண் விழித்துப் பேச வாய் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. சில வாரம் கழித்துக் காற்றோடு கரகரப்பும் வந்தது. டாக்டர், "மெல்ல மெல்லத் திரும்பும், அவசரப்படாதீங்க" என்றார். எப்போது, எவ்வளவு திரும்பும் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான்.

அந்த நாட்களில் கிளியம்மா நிறைய அழுதாள். அழுகையிலும் சத்தம் வராதது அவளை இன்னும் அழ வைத்தது. கணவர் தினமும் காலையில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, "ஏதாவது பேசு பாப்போம்" என்பார். பேசுவாள். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலாமே" என்பார். பிறகு அது, "அட, வந்துடுச்சே! அப்படியேதான் இருக்கு" என்று ஆனது. வெளியூரில் இருக்கும் மகளும் ஃபோனில், "பழைய மாதிரியே இருக்கும்மா" என்றாள். முதலில் மருந்துக்கடைக்கு ஃபோன் செய்தால் "சொல்லுங்க சார்" என்று கேட்டவர்கள்கூடப் பிறகு "சொல்லுங்கம்மா" என்றார்கள். மருந்துக்கடைக்காரனே சொல்லிவிட்ட பிறகு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? குரல் வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, விடுப்பை முடித்து, முகமூடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

முதல் நாளே திரை குப்பையாக இருந்தது. பாதி வரி வெற்றிடம். மீதிப் பாதியில் சம்பந்தா சம்பந்தம் இல்லாத சொற்கள். சாட்சி ஒரு மாட்டு வண்டி அளவுக்குப் பேசினால் லேப்டாப் ஒரு பிடி எழுதியது, அதுவும் தப்பு. கூடத்தில் தனியாக ஒரு பதிவுக் கருவி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் உட்கார்ந்து, அதில் வக்கீல்களின் பேச்சைப் போட்டுப் போட்டுக் கேட்டு, கையால் தட்டித் திருத்தினாள். முகமூடி மைக்கில் அவள் குரலும் பதிவாகித்தான் இருந்தது. அதைப் போட்டுக் கேட்டால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அதை மட்டும் அவள் தொடவில்லை. 'முகமூடியில ரப்பர் போயிடுச்சு, சத்தம் தெளிவா இருக்காது' என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

பக்கங்கள் தாமதமாகப் போகப் போக, அலுவலக மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் கெட்ட செய்தி சொல்லும்போது மேசையில் உள்ள பேனாவையெல்லாம் வரிசையாக அடுக்குவார். அன்றைக்கு எல்லாப் பேனாவையும் அடுக்கினார்.

"நான் உங்களைக் குறை சொல்லலம்மா. மேல கேக்கறாங்க. திங்கக்கிழமை மரக்கிடங்கு தீ வழக்குல சாட்சி விசாரணை ஆரம்பிக்குது. பெரிய வழக்கு. அன்னைக்கும் இப்படியே வந்தா, கூடத்துல ரெக்கார்டிங் மெஷினை மட்டும் வெச்சுட்டு, உங்களை நகல் பிரிவுக்கு மாத்திடலாம்னு சொல்றாங்க."

நகல் பிரிவு என்பது கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. காகிதத்தை மெஷினில் கொடுக்க வேண்டும், வெளியே வருவதை எடுத்து முத்திரை குத்த வேண்டும். சம்பளம் அதேதான். ஆனால் நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. ஊர் வாயையெல்லாம் தன் வாயில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது வேலையா, தண்டனையா?

"லேப்டாப் பழசாயிடுச்சு சார். வேற ஒண்ணும் இல்ல. புதுசு வாங்கிடறேன்" என்றாள் கிளியம்மா. அந்த நீதிமன்றத்தில் கருவிகளை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். மேலாளர் நிம்மதியாகப் பேனாக்களைக் கலைத்துவிட்டார்.

ஆடியோ கடைக்காரர் அவளுக்குப் பழக்கமானவர். மேடைக்கு மைக் வைப்பவர்கள், பாட்டு வகுப்பு நடத்துபவர்கள், ஃபோனுக்கு ஒயர் தேடி வருபவர்கள் என்று எல்லோருக்கும் அவர்தான். ஒரு ஹெட்போனைக் கையில் எடுத்தால் அதன் பிறப்பு வளர்ப்பு வரை சொல்லாமல் கீழே வைக்க மாட்டார். ஆனால் ஏமாற்ற மாட்டார். "ஒரு நாள் வேலை செஞ்சு பாருங்க. ஒத்துவரலன்னா கீறல் இல்லாம கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார்.

கிளியம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. லேப்டாப்பின் பளபளப்பை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டாள். குனிந்து அதன் பக்கவாட்டில் காதை வைத்து, உள்ளே விசிறி இரைகிறதா என்று கேட்பாள். ஒயர் செருகும் துளைகளில் ஒவ்வொன்றாகச் செருகி ஆட்டிப் பார்ப்பாள். தொளதொளவென்று இருந்தால் ஒதுக்கிவிடுவாள். நடு விசாரணையில் ஒயர் நழுவினால் யார் பதில் சொல்வது? கரண்ட் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பாள், கடைக்காரர் சொன்னதில் பாதியை நம்புவாள்.

முதலில் எடுத்தது மகள் ஃபோனில் சிபாரிசு செய்த மெலிசான லேப்டாப். கடைக்காரர் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு உங்க குரலைப் புதுசா பழக்கட்டுமா, இல்ல பழசுல பழக்கி வெச்சிருக்கறதையே கொண்டு வரட்டுமா?"

"பழசையே கொண்டு வாங்க. எத்தனையோ வருஷமா பழக்கினது. நான் இருமினாலும் தும்மினாலும் அதுக்குத் தெரியும்" என்றாள் கிளியம்மா.

அப்படியே செய்தார். அந்த மெலிசான லேப்டாப்பில் இருந்தது ஒரே துளை. நீதிமன்றத்தில் முகமூடிக்கும் பதிவுக் கருவிக்கும் சார்ஜருக்கும் சேர்த்து ஒரு இணைப்புப் பெட்டியைத் தொங்கவிட வேண்டியிருந்தது; பக்கத்தில் நடந்த காவலர் காலில் மாட்டி மொத்தமும் மேசையிலிருந்து இழுபட்டது. போகட்டும், எழுத்தாவது வந்ததா என்றால், அதே குப்பை.

இரண்டாவது, வேகமானது வேண்டும் என்று கேட்டு வாங்கியது. பையன்கள் விளையாடுவதற்காகச் செய்த மெஷின். தூக்கினால் அம்மிக்கல். திறந்ததும் சாவிகளுக்கு அடியில் பச்சை, சிவப்பு, ஊதா என்று விளக்குகள் ஓடின. அதை அணைக்க வழி தெரியாமல் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை சூடு பிடித்ததும் விசிறி இரைய ஆரம்பித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அங்க என்ன, விமானம் ஏதாவது கிளம்புதா?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. கிளியம்மா பழக்க தோஷத்தில் அதையும் முகமூடிக்குள் சொல்லி வைத்தாள். திரையில் வந்தது முன்பைவிட வேகமாக வந்த குப்பை.

சனிக்கிழமை மூன்றாவதை எடுத்துவந்தாள். கறுப்பு, கனம் குறைவு, அலுவலகங்களுக்காகவே செய்தது. விசிறிச் சத்தம் இல்லை. துளைகள் போதுமான அளவு, எல்லாம் இறுக்கம். கூடவே, மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு புது ஒலிப்பெட்டியும் வாங்கினாள். பழைய முகமூடிக்கு மாற்று ரப்பரும் பார்சலில் வரும்படி சொல்லி வைத்தாள். இதற்குமேல் தேட உலகத்தில் லேப்டாப் இல்லை என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். "பழைய குரல்தானே?" என்று கேட்டார். "பழசுதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, செய்தித்தாளை விரித்து வைத்து முகமூடிக்குள் படித்தாள். முதல் பத்தி முடிந்ததும் திரையைப் பார்த்தாள். வெற்றிடம், குப்பை, வெற்றிடம். இன்னொரு பத்தி படித்தாள். முகமூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதுவும் சரியில்லை. நாளைக்குக் கடை லீவு. திங்கக்கிழமை காலையிலேயே போய் வேற ஒண்ணு..." என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடினாள்.

முன்னறையில் மெஷின் நின்றது. கணவர் கழுத்தில் அளவு டேப்போடு வந்து எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். மூணு மெஷினும் ஒரே தப்பையா பண்ணும்?"

"இப்ப எல்லாத்துக்கும் உள்ள ஒரே சாமான்தான் போடறாங்களாம்."

அவர் டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். "போன வருஷ அளவை வெச்சு ஒருத்தருக்கு நான் சட்டை தைக்கறேன்னு வை. நடுவுல அவர் உடம்பு இளைச்சுப்போச்சு. சட்டை தொளதொளன்னு நிக்குது. நான் துணி சரியில்லைன்னு வேற துணி வாங்கி, அதே அளவுக்கு வெட்டறேன். அதுவும் தொளதொளங்குது. மூணாவது துணி வாங்கறேன். என்னைப் பத்தி என்ன சொல்லுவே?"

"பைத்தியம்னு சொல்லு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அவரையே பார்த்தாள்.

"என் குரல் மாறிப்போச்சுன்னு சொல்றீங்களா?"

கேள்விக்குறி சொல்ல மறந்துவிட்டாள். அவர் டேப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றார்.

"தினமும் அப்படியேதான் இருக்குன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"மருந்துக்கடைல இப்பெல்லாம் சார்னு கூப்பிடறது இல்லையே!"

"அது..." என்று இழுத்தார். "நான்தான் போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"என்னன்னு?"

"இந்த நம்பர்லேருந்து ஃபோன் வந்தா அம்மான்னு கூப்பிடுங்கன்னு."

"வேற எங்கெல்லாம் சொன்னீங்க?"

"மளிகைக்கடை. பால் போடறவர். உன் தங்கச்சி. நம்ம பொண்ணு. மின்சார ஆபீசுல மட்டும் தினம் ஆள் மாறிக்கிட்டே இருக்காங்க, அங்க முடியல."

"ஊரே சேர்ந்து எனக்குக் காது குத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு கிளியம்மா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவர் சமைத்ததைச் சாப்பிட்டாள். முகம் கொடுக்காமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த மனுஷரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவளுடைய கோபம் நியாயமான கோபம். தெரிந்திருந்தால் மூன்று லேப்டாப்பைச் சுமந்துகொண்டு கூடம் முழுக்கச் சிரிக்க உட்கார்ந்திருப்பாளா?

கதவுக்கு உள்ளே அவள் வேறொன்றையும் யோசித்தாள். தன் பதிவைத் தான் ஏன் ஒரு நாளும் போட்டுக் கேட்கவில்லை? ரப்பர் போன முகமூடி என்று தன்னிடமே சொல்லிக்கொண்டது யார்? அவர் ஊரிடம் சொன்ன பொய்யை விட, தான் தனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றும் சின்னதில்லை என்று தோன்றியபோது கோபத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் திறந்து வெளியே வந்தாள். "மெஷினை நிறுத்துங்க. எனக்கு வீடு அமைதியா இருக்கணும்" என்றாள். அவர் அவசரமாகக் கொடுக்க வேண்டிய சட்டையை அப்படியே மெஷினில் ஊசி குத்தியபடி விட்டுவிட்டு எழுந்தார். மாடி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஜன்னல்களைச் சாத்தினார்.

கிளியம்மா சாஃப்ட்வேரில் 'புதியவர்' என்ற இடத்தைத் தட்டினாள். பெயர் கேட்டது. 'கிளியம்மா' என்று போட்டால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்றது. கொஞ்சம் யோசித்து, 'கிளியம்மா இப்போது' என்று போட்டாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றி ஏதோ ஒரு நீளமான கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னது. படித்தாள். பிறகு, 'உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறதா?' என்று கேட்டு, அவள் படித்ததில் கொஞ்சத்தைத் திருப்பிப் போட்டது.

ஹெட்போனில் ஒரு கனத்த, உடைந்த, வயதான குரல். ஆணா பெண்ணா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. தாலாட்டுப் பாடிய குரல் அது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஃபோனில் கேட்டுவிட்டு, அதற்காகவே இவர் வீடு தேடி வந்த குரலும் இல்லை. அது போய்விட்டது. திரும்பி வராது. கிளியம்மா ஹெட்போனைக் கழற்றாமல் அழுதாள். கணவர் தோளில் கை வைக்க வந்தார். வேண்டாம் என்று தலையாட்டினாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, அந்தக் கேள்விக்குக் கீழே இருந்த 'ஆம்' என்பதைத் தட்டினாள்.

"செடி கொடி போதாது. கோர்ட்டுப் பேச்சு வேணும்" என்றாள். "அங்க போய் நில்லுங்க. நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க."

அவர் அளவு எடுக்கிற கண்ணாடிப் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சாட்சி மாதிரியே நின்றார். கிளியம்மா முகமூடியை விலக்கிக் கேட்டாள். பிறகு அதை வாயில் வைத்துக் கேள்வியையும் பதிலையும் திருப்பிச் சொன்னாள்.

"மனைவிகிட்ட தினமும் பொய் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன் சொன்னீங்க?"

அவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "நீ அழுதே. சத்தமே வராம அழுதே. எனக்குத் தாங்கல."

கிளியம்மா முகமூடியை வாயில் வைத்தாள். எத்தனையோ பேர் சொன்னதை அசங்காமல் திருப்பிச் சொன்னவள், இதைச் சொல்ல இரண்டு முறை மூச்சு வாங்கினாள். பதில், நீ அழுதே முற்றுப்புள்ளி. சத்தமே வராம அழுதே முற்றுப்புள்ளி. எனக்குத் தாங்கல முற்றுப்புள்ளி. திரும்பித் திரையைப் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிசகு இல்லாமல் இருந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடி போடாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை எல்லாம் தப்பே இல்லாமல் வந்தது என்று சொன்னால் அது புளுகு. மரக்கிடங்குக் காவலாளி வேகமாகப் பேசினார். ஊர்ப் பெயர்களை மெஷின் கோட்டை விட்டது. ஆனால் வெற்றிடம் இல்லை. இருந்த பிழைகளை இடைவேளையிலேயே திருத்திவிட்டாள். எல்லோரும் எழுந்து போவதற்குள் பக்கங்கள் மேலாளர் மேசைக்குப் போயின. அவர் நின்றபடியே முதல் சில பக்கங்களைப் படித்தார். பேனாக்களைத் தொடவே இல்லை. "இந்த லேப்டாப் பரவாயில்லையேம்மா" என்றார்.

"லேப்டாப் எல்லாமே நல்லாத்தான் சார் இருந்தது" என்றாள் கிளியம்மா.

மாலையில் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. புது நம்பர். எடுத்து, "ஹலோ" என்றாள்.

"சார், மேடம் பேர்ல ஒரு பார்சல் வந்திருக்கு. முகமூடி ரப்பர்னு போட்டிருக்கு. மேடம் வீட்டுல இருக்காங்களா சார்?"

முன்னறையில் மெஷின் நின்றது. கணவர் பாதி எழுந்து ஃபோனை வாங்கக் கையை நீட்டினார். கிளியம்மா அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

"மேடம்தான்பா பேசறேன். என் குரல் இப்படித்தான் இருக்கும். உள்ள வந்து குடுத்துட்டுப் போ."

"சரிங்கம்மா" என்றது ஃபோன்.

கணவர் உட்கார்ந்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கிளியம்மா கதவைத் திறக்க எழுந்தாள்.